கப்பலேறி வந்த குலப்பெருமை

அமெரிக்காவிலே மேபிளவர் சந்ததியார் சங்கம் என்று ஒரு சங்கம் இருக்கின்றது. 1897-ம் வருஷத்தில் ஏற்பட்டது. இதில் ஒருவர் சேர வேண்டுமானால் அவருக்குப் படிப்பு உண்டா, நாணயம் உண்டா, நாலு பேருக்கு உபகாரமாய் நடந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. 1620-ம் வருஷத்தில் இங்கிலாந்திலிருந்து மேபிளவர் என்னும் கப்பலில் வந்து இறங்கியவர்களில் யாராவது ஒருவருடைய வமிசத்தில் தாம் பிறந்ததாக, தலைமுறை தலைமுறையாய்ப் பிறப்பு, கலியாணம், சாவு ஆகியவற்றுக்கு அத்தாட்சி காட்டிவிட்டால் போதும். அவர் அங்கத்தினர் ஆகிவிடலாம். இதற்கு முன்னமேயே, 1890-ல், அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள் என்று சீமாட்டிகளுக்கென ஒரு சங்கம் ஏற்பட்டுவிட்டது. 1912-ல் வர்ஜினியாவின் முதற்குடும்பங்கள் என்று இன்னொன்றும் வந்தது. இவை எல்லாவற்றிலும் சேருவதற்கு வேண்டிய முதல் யோக்கியதை இன்னாருக்குப் பிறந்திருப்பது என்பதுதான்.

ராஜா வேண்டாம், பிரபு வேண்டாம், மனிதரெல்லாம் சமமாய்ப் படைக்கப்பட்டவர் என்று 1776-ல் உலகமறியப் பறைசாற்றிய தேசம் இது. அப்படிப்பட்ட தேசத்தில் பிறப்பைக் காட்டிப் பெருமை பேசும் கூட்டம் எப்படி முளைத்தது? அந்தப் பெருமைக்கு ஆதாரமாய்ச் சொல்லப்படும் முன்னோர்கள் உண்மையில் யார்? அந்தப் பெருமைக்காக யாருடைய வமிசங்கள் ஏட்டிலிருந்து அழிக்கப்பட்டன? இவைகளைத்தான் நாம் இங்கு விசாரிக்கப் போகின்றோம்.

முதலில் மேபிளவர்க் கப்பலையே எடுத்துக்கொள்வோம். அதில் வந்தவர்கள் 102 பேர். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் பசியிலும் நோயிலும் மாண்டுபோனார்கள். இவர்களில் ராஜகுமாரன் யாரும் கிடையாது. நெசவுக்காரர், தையற்காரர், பீப்பாய் செய்பவர், வேலைக்காரர், இப்படிப்பட்டவர்களே அதிகம். ஜான் ஹவ்லண்டு என்பவர் கார்வர் என்ற கனவானுக்கு ஊழியம் செய்ய எழுதிக் கொடுத்து வந்த வேலைக்காரர். நடுக்கடலில் புயலடித்தபோது கப்பலிலிருந்து தவறி விழுந்து, தொங்கிய கயிறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்பியவர். இந்த வேலைக்காரரின் வமிசத்திலே பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும், புஷ் என்று பேர் கொண்ட தகப்பன் மகன் இருவரும் ஆக மூன்று அதிபர்கள் தோன்றியிருக்கிறார்கள். அந்தக் கயிறு கைநழுவிப் போயிருந்தால் இந்தக் குலப்பெருமை என்னவாகியிருக்கும்?

அதே கப்பலில் ஜான் பில்லிங்டன் என்று ஒருவரும் வந்தார். அவர் 1630-ல் கொலைக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டார். பிளிமத் குடியேற்றத்தில் முதன்முதல் தூக்குமேடை ஏறியவர் அவரே. இன்று அவருடைய வமிசத்தாரும் தாராளமாய்ச் சங்கத்தில் சேரலாம். கொலைகாரர் வமிசம் என்று யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்த வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. பாட்டன் செய்த கொலைக்குப் பேரன் என்ன செய்வான்? ஆனால் பாட்டனின் கொலை பேரனை ஒட்டாது என்றால், பாட்டனின் பெருமை மட்டும் எப்படிப் பேரனை ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் நமது கேள்வி.

இன்னொரு சங்கதியையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். மோர் என்ற குடும்பத்தைச் சேர்ந்த நான்கு குழந்தைகளும் அந்தக் கப்பலில் இருந்தன. மூத்ததற்கே எட்டு வயதுதான். தன் மனைவி அயலானுக்குப் பெற்ற பிள்ளைகள் என்று தாயின் புருஷனான சாமுவேல் மோர் தீர்மானித்து, தாயிடமிருந்து பிடுங்கி, கப்பலில் வந்த குடும்பங்களுக்கு வேலை செய்யும்படி ஒப்புக்கொடுத்து அனுப்பிவிட்டார். மூன்று குழந்தைகள் முதல் குளிர்காலத்திலேயே செத்தன. ரிச்சர்டு என்ற பையன் ஒருவன் மட்டும் பிழைத்து வளர்ந்து மாலுமியானான். முறைதவறிப் பிறந்தது என்று ஒரு வமிசத்திலிருந்து கழித்துத் தள்ளப்பட்ட குழந்தை, இன்னொரு வமிசத்திற்கு மூலபுருஷனாகிப் பெருமைக்குரிய முன்னோராய் விளங்குகிறது! பிறப்பின் தூய்மை என்பது எப்படிப்பட்ட சரக்கு என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா?

கணக்குப் பார்த்தாலும் இந்தப் பெருமை நிற்காது. ஒருவருக்குத் தாய் தகப்பன் இருவர். பாட்டன் பாட்டிமார் நால்வர். அதற்கு முந்தின தலைமுறையில் எட்டு. இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் பன்னிரண்டாவது தலைமுறையில் 4096 முன்னோர்களுக்கு இடம் இருக்கும். 1620-க்கும் நமக்கும் நடுவில் ஏறக்குறைய அத்தனை தலைமுறை ஆகின்றது. உறவுக்குள்ளேயே கலியாணம் நடந்திருக்குமாதலால் ஒரே ஆள் பல இடங்களில் வரலாம் என்று தள்ளுபடி செய்தாலும், ஆயிரக்கணக்கில் மிஞ்சும். அதில் ஒருவர் மேபிளவரில் வந்தவர் என்று சட்டத்தில் மாட்டிச் சுவரில் தொங்கவிட்டால், மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் யார்? அவர்களில் எத்தனை திருடர், எத்தனை கடன்காரர், எத்தனை அநாதைகள், எத்தனை அடிமைகள்? அவர்களுடைய ரத்தம் எங்கே போயிற்று? ஒரு சொட்டுப் பாலைக் காட்டி ஒரு குடம் தண்ணீரைப் பாலென்று விற்பவனை நாம் எந்தப் பெயரால் அழைக்கிறோம்?

நிற்க. வர்ஜினியாவின் முதற்குடும்பங்கள் என்பவர்களின் சங்கதியோ இன்னும் விசேஷமானது. 1607-ல் ஜேம்ஸ்டவுனில் முதல் தொகுதியார் இறங்கினார்கள். 1609-10 குளிர்காலத்துப் பஞ்சத்தில் பிணத்தைத் தின்னும் நிலைமைக்கு வந்துவிட்டார்கள். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியின் எலும்புகளில் கத்தி பட்ட தடங்கள் இருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டு 2013-ல் வெளியிட்டார்கள். அங்கே குடும்பம் என்பது ஏற்பட்டதே ஒரு வியாபாரத்தினால்தான். குடியேறிய ஆண்களுக்கு மனைவியாக்குவதற்கென்று 1621-ல் கம்பெனியார் இங்கிலாந்திலிருந்து பெண்களைக் கப்பலேற்றினார்கள். கட்டிக்கொள்கிறவன் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியது 150 பவுண்டு நல்ல புகையிலை. லண்டன் தெருக்களில் திரிந்த ஏழைக் குழந்தைகளைப் பிடித்து நூற்றுக்கணக்கில் அனுப்பினார்கள். 1718-ல் சட்டம் செய்து, 1775 வரையில் சுமார் 50,000 கைதிகளை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு ஏற்றுமதி செய்தார்கள். புரட்சிக்கு முன் அங்கு வந்த வெள்ளையரில் பாதிக்கு மேற்பட்டவர் வருஷக் கணக்குக்கு உழைப்பை எழுதிக் கொடுத்து வந்த ஒப்பந்தக் கூலிகள் என்று சரித்திரக்காரர் கணக்கிடுகிறார்கள். ஒப்பந்தக் கூலி என்றால் என்ன என்று தமிழனுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சொல்வதால் அந்தக் கூலிகளை நாம் இழிவுபடுத்துவதாக யாரும் நினைக்க வேண்டாம். பிழைப்புக்கு வழியில்லாமல் கடலைத் தாண்டிப் போய், காட்டை வெட்டி, பிள்ளைகளைப் புதைத்து, மறுபடியும் ஏர் பிடித்த மனிதனிடம் நமக்கு மெத்த மரியாதை உண்டு. அவனுடைய கஷ்டத்தை மறைத்து, அவன் தலையில் ஜரிகைத் தொப்பி வைத்து, அவனைப் பிரபு வீட்டுப் பிள்ளையாக்கிக் காட்டுகிறார்களே, அவர்கள்தான் அவனை இழிவுபடுத்துகிறவர்கள். இப்படிக் காட்டுவதற்கென்றே வியாபாரிகளும் கிளம்பினார்கள். கஸ்டாவ் அஞ்சூ என்ற பேர்வழி, 1942-ல் செத்தவர், பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்கு வேண்டியபடி வமிசாவளி எழுதிக் கொடுத்து ஆயிரக்கணக்கான டாலர் சம்பாதித்தார். பேர் பெற்ற முன்னோர் ஒருவர் வேண்டுமென்றால் அவரே பிறப்பித்தார். உயில் வேண்டுமென்றால் அவரே எழுதினார். பிறகு அவையெல்லாம் புரட்டு என்று வமிச ஆராய்ச்சிக்காரர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். இருந்தும் அந்தப் புஸ்தகங்களை நம்பி வமிசம் பேசுகிறவர்கள் ஒழியவில்லை. தலபுராணம் எழுதப் புலவனுக்குக் கூலி கொடுக்கும் பழக்கம் ஒரு தேசத்துக்கு மட்டும் சொந்தமல்ல போலும்!

இனி, இந்த முன்னோடிகள் வந்து இறங்கிய இடம் யாருடையது என்பதைப் பார்ப்போம். பிளிமத் என்று அவர்கள் பெயர் வைத்த ஊர் அதற்கு முன் பட்டுக்ஸெட் என்னும் கிராமம். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் அக்கிராமம் முழுவதும் பாழாய்ப்போயிருந்தது. பண்படுத்திய நிலம் மிஞ்சியிருந்தது. அந்த ஊர்க்காரரான டிஸ்குவாண்டம் என்பவரை 1614-ல் ஓர் ஆங்கிலேயக் கப்பல்காரன் பிடித்துக்கொண்டு போய் ஸ்பெயினில் விற்றுவிட்டான். அவர் எப்படியோ தப்பி, லண்டன் வழியாய்த் தன் ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தால், ஊரும் இல்லை, உறவும் இல்லை. தன்னை விற்ற ஜாதியார் தன் கிராமத்திலேயே பட்டினியால் சாகிறதைக் கண்ட அந்த மனிதர், சோளம் எப்படி விதைப்பது, மீனை எப்படி எருவாக்குவது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். மஸசாயிட் என்ற வாம்பனோக் தலைவர் 1621-ல் அவர்களோடு சமாதான உடன்படிக்கை செய்துகொண்டு காப்பாற்றினார்.

இந்த உபகாரத்துக்குக் கிடைத்த பிரதி என்ன? ஐம்பத்தைந்து வருஷத்திற்குள், 1676-ல், அந்த மஸசாயிட்டின் மகன் மெட்டாகமின் தலையை வெட்டிப் பிளிமத்திலே கம்பத்தில் குத்தி வைத்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அது அங்கேயே இருந்தது. அவருடைய மனைவியையும் சிறுபையனையும் அடிமைகளாய் விற்றுவிட்டார்கள். ஒரு வமிசம் தழைத்து மூன்று அதிபர்களைப் பெற்றதென்று பட்டம் கட்டிக்கொள்கிறது. அந்த வமிசத்துக்குச் சோறு போட்ட வமிசம் சந்தையில் விலை போயிற்று.

மேற்கே போன முன்னோடிகளின் கதையும் இதுவே. 1830-ல் பூர்வகுடிகளை வெளியேற்றச் சட்டம். 1838-ல் செரோக்கி ஜனங்களைப் பட்டாளத்தைக் கொண்டு ஓட்டினார்கள். சுமார் 16,000 பேரில் ஏறத்தாழ 4,000 பேர் வழியிலும் முகாமிலும் மாண்டார்கள். 1862-ல் குடியேறுகிறவனுக்கு 160 ஏக்கர் இனாம் என்று சட்டம் வந்தது. அதன்படி காலக்கிரமத்தில் 16 லட்சம் பேருக்கு 27 கோடி ஏக்கர் கொடுக்கப்பட்டது. பாட்டன் தன் கைவலிமையால் சம்பாதித்த நிலம் என்று பேரன் எழுதுகிறான். கைவலிமை உண்டு, இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பட்டாளமும் பட்டாவும் சர்க்காருடையவை.

அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வர்ஜினியாவில் இறங்கியது 1619-ல். அதாவது மேபிளவர் வருவதற்கு ஒரு வருஷம் முந்தி. பழைய குடி என்பதுதான் பெருமை என்றால், மேபிளவர்க்காரர் இவர்களுக்குப் பிந்தியவர்களல்லவா? ஆனால் இவர்களுக்கு வமிசாவளி எழுத முடியாதபடி சட்டமே செய்துவைத்தார்கள். 1662-ல் வர்ஜினியாச் சட்டசபையார், குழந்தை தாயின் நிலைமையையே அடையும் என்று விதித்தார்கள். சொத்துக்கும் பேருக்கும் தகப்பன் வழி என்று சொல்லுகிற அதே ஆசாமிகள், எஜமானன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளைக்கு மட்டும் தாய் வழி என்றார்கள். ஏன்? அப்போதுதான் பிள்ளை வாரிசாக வராமல் சொத்தாக வரும். சொந்த ரத்தத்தையே தொழுவத்துக் கணக்கில் சேர்த்த சட்டம் இது. 1850, 1860 ஜனக்கணிதங்களில் அடிமைகளைப் பற்றித் தனி ஜாபிதா எடுத்தார்கள். அதில் எஜமானன் பேர் இருக்கும்; கீழே வயது, ஆணோ பெண்ணோ, நிறம் இவ்வளவுதான். பேர் கிடையாது. 1870-ல்தான் அவர்களில் பெரும்பாலோருடைய பேர் முதன்முதலாக ஏட்டில் ஏறியது. ஆகவே ஒரு கறுப்பு மனிதர் தன் பாட்டன் பாட்டிமாரைத் தேடிக்கொண்டு பின்னே போனால், 1870-ல் சுவர் முட்டி நிற்கிறது.

இதில் சென்னைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. எலிஹு யேல் என்பவர் 1649-ல் பாஸ்டனில் ஆதிக்குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தவர். 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னராய் இருந்து பெரும் பணம் சேர்த்தவர். அவர் ஆட்சி செய்த காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். அவர் 1718-ல் அனுப்பிய துணி மூட்டைகளை விற்றுச் சுமார் 562 பவுன் கிடைத்ததற்காக ஒரு கல்லூரிக்கு அவர் பேரை வைத்தார்கள். அதுவே இன்று பேர்பெற்ற யேல் சர்வகலாசாலை. யேல் குடும்பத்தின் வமிசாவளி அச்சில் இருக்கிறது. சென்னையில் கப்பலேற்றப்பட்டவர்களின் வமிசாவளி எங்கே இருக்கிறது?

ஜெபர்ஸன் சங்கதிக்கு வருவோம். மனிதரெல்லாம் சமம் என்று எழுதிய கை அவருடையதே. அவர் வீட்டு அடிமையான சாலி ஹெமிங்ஸ் பெற்ற பிள்ளைகள் அவருடையவை என்று அவர் காலத்திலேயே பேச்சு இருந்தது; வமிசத்தார் மறுத்தே வந்தார்கள். 1998-ல் விஞ்ஞானிகள் ஹெமிங்ஸ் வமிசத்து ஆண்வழி ஒன்றையும் ஜெபர்ஸன் வமிசத்து ஆண்வழியையும் மரபணுச் சோதனை செய்து இரண்டும் ஒத்திருப்பதாக வெளியிட்டார்கள். அவர் வீட்டைப் பரிபாலிக்கும் ஸ்தாபனமே ஆராய்ந்து, அந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பன் அவராகவே இருக்கக்கூடும் என்று 2000-ல் அறிக்கையிட்டது. இதற்குப் பின்னும், 2002-ல், குடும்ப மயானத்துக்குப் பாத்தியதை கொண்ட வமிசத்தார் சங்கம் கூடி வோட்டெடுத்து, ஹெமிங்ஸ் வழியாரைச் சேர்த்துக்கொள்ள முடியாதென்று தீர்மானித்துவிட்டது. ரத்தம்தான் எல்லாம் என்று ஆயுள் முழுவதும் சொன்னவர்கள், ரத்தமே வந்து சாட்சி சொன்னபோது அத்தாட்சி போதாது என்றார்கள்.

"தன் முன்னோர் யாரென்று தெரிந்துகொள்வது மனித சுபாவம்தானே? சும்மா நாலு பேர் கூடிப் பாட்டன் பேரைச் சொல்லிக் காப்பி குடித்தால் உங்களுக்கென்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்கலாம். தெரிந்துகொள்வதில் நமக்கு ஆட்சேபணையே இல்லை. நாமே மேலே அவ்வளவு தூரம் விசாரித்திருக்கிறோம். ஆனால் அது காப்பியோடு நிற்கவில்லையே! 1939-ல் மேரியன் ஆண்டர்சன் என்ற உலகப் புகழ்பெற்ற பாடகி வாஷிங்டனில் பாடுவதற்கு, புரட்சியின் புதல்விகள் தங்கள் மண்டபத்தைக் கொடுக்க மறுத்தார்கள். காரணம் அவர் கறுப்பர் என்பதே. அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் அந்தச் சங்கத்திலிருந்து ராஜினாமாச் செய்தார். ஏப்ரல் 9-ந் தேதி லிங்கன் மண்டபத்தின் படிகளில் நின்று ஆண்டர்சன் பாட, சுமார் 75,000 பேர் திறந்த வெளியில் நின்று கேட்டார்கள். கறுப்புப் பெண்மணி ஒருவர் தாம் கறுப்பர் என்று எல்லோரும் அறிய அந்தச் சங்கத்தில் அங்கத்தினரானது 1977-ல்தான். இத்தனைக்கும் 1776 யுத்தத்தில் குடியேறிகளின் பக்கம் நின்று சண்டை போட்ட கறுப்பர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

மண்டபத்தோடும் நின்றதா? அதுவும் இல்லை, சட்டமாயிற்று. 1924-ம் வருஷத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரே வருஷத்தில் மூன்று காரியங்கள் நடந்தன. முதலாவது, அமெரிக்காவுக்குக் குடியேற வருகிறவர்களை அவரவர் பிறந்த தேசப்படி பங்கு போட்டு அனுமதிக்கும் சட்டம். அமெரிக்க ஜனங்களின் முன்னோர் எந்தெந்த தேசத்திலிருந்து வந்தவர்கள் என்று கணக்கெடுத்து, அதன்படி பங்கு நிர்ணயிக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அந்தக் கணக்கில் அடிமைகளாய் வந்தவர்களின் சந்ததியாரையும், பூர்வகுடிகளின் சந்ததியாரையும் சேர்க்கக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அதாவது, முந்தி இருந்தவனுக்கும் இழுத்து வரப்பட்டவனுக்கும் முன்னோரே கிடையாது! இந்தப் பங்கு முறை 1965 வரை ஒழியவில்லை. இரண்டாவது, பூர்வகுடிகள் எல்லோருக்கும் அமெரிக்கப் பிரஜை என்ற அந்தஸ்து கொடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான வருஷம் அந்த மண்ணில் இருந்தவர்களுக்கு 1924-ல் பிரஜா உரிமை!

மூன்றாவதுதான் விசேஷம். வர்ஜினியாவிலே ரத்தசுத்தச் சட்டம் ஒன்று செய்தார்கள். வெள்ளையரல்லாதாருடைய ரத்தம் ஒரு துளி இருந்தாலும் அவர் வெள்ளையரல்ல, வெள்ளையர் வெள்ளையரைத்தான் கலியாணம் செய்துகொள்ளலாம், மீறினால் சிறை. ஆனால் இதில் ஒரு சங்கடம் வந்துவிட்டது. முதற்குடும்பத்தார் பலர் போகஹொண்டாஸ் வமிசம் என்று பெருமை பேசி வந்தவர்கள். அவர் பவ்ஹாட்டன் என்ற பூர்வகுடித் தலைவரின் மகள். 1613-ல் ஆங்கிலேயரால் பிடித்துவைக்கப்பட்டு, மதம் மாற்றப்பட்டு, 1614-ல் ஜான் ரால்ப் என்பவருக்கு மனைவியாகி, 1617-ல் இருபது வயதுக்குச் சற்று ஏறக்குறைய இங்கிலாந்தில் செத்துப்போன பெண். அதிபர் வில்சனின் மனைவிகூட அந்த வமிசத்தைச் சொல்லிக்கொண்டவர்தான். ஒரு துளிச் சட்டத்தை அப்படியே நிறைவேற்றினால் வர்ஜினியாவின் பெரிய மனிதரெல்லாம் வெள்ளையரல்லாதவராகிவிடுவார்களே! ஆகவே, பூர்வகுடி ரத்தம் வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, வரையில் இருந்தால் வெள்ளையர்தான் என்று ஒரு விலக்கு எழுதிக்கொண்டார்கள். ஏழைக்குத் துளி, பணக்காரனுக்கு வீசம். இயற்கை விதி, ஆண்டவன் கட்டளை என்று சொல்லப்பட்ட ரத்தசுத்தம், சீமான் வீட்டு வாசலுக்கு வந்தவுடன் அளவுகோலை மாற்றிக்கொண்டது.

இந்தச் சட்டத்தை நடத்தினவர் வால்டர் பிளெக்கர் என்ற டாக்டர். 1912 முதல் 1946 வரை வர்ஜினியாவின் பிறப்பு, இறப்பு, கலியாணப் பதிவு இலாகாவின் தலைவர். வர்ஜினியாவில் உண்மையான பூர்வகுடியே பாக்கியில்லை, எல்லோரும் கலந்துவிட்டவர்கள் என்பது அவர் கொள்கை. பூர்வகுடி என்று பதிவான ஜனங்களைக் கறுப்பர் என்று மாற்றச் செய்தார். ஜில்லா ஜில்லாவாய்க் குடும்பப் பேர்களை ஜாபிதா எழுதி, இந்தப் பேருள்ளவர்களை வேறு விதமாய்ப் பதியக்கூடாது என்று 1943-ல் உத்தியோகஸ்தர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். கத்தியில்லை, துப்பாக்கியில்லை, பேனாவினாலேயே ஒரு ஜனசமூகத்தை ஏட்டிலிருந்து துடைத்துவிட்டார். ஒரே ரிஜிஸ்தர் ஒரு பக்கத்தாருக்கு வமிசாவளி அத்தாட்சி கொடுத்துக்கொண்டும், மறுபக்கத்தாரின் வமிசத்தை அழித்துக்கொண்டும் இருந்தது. அந்தக் கலியாணத் தடையை 1967-ல் நாட்டின் உயர்ந்த கோர்ட்டார் செல்லாதென்றார்கள். ரிஜிஸ்தரில் அடித்த பேர்களைக் கோர்ட்டார் திரும்ப எழுத முடியுமா?

பிற்காலத்தில் வர்ஜினியாப் பூர்வகுடிகள் தங்களைத் தனிச் சமூகங்களாக ஒப்புக்கொள்ளும்படி வாஷிங்டன் சர்க்காரிடம் போனபோது, இடைவிடாத வமிசப் பத்திரங்கள் எங்கே என்று கேட்கப்பட்டது. பத்திரங்களைத் திருத்தியது சர்க்கார் இலாகா; பத்திரம் இல்லாத குற்றம் இவர்கள் தலையில். போகஹொண்டாஸ் தங்கள் குலத்துப் பெண் என்று சொல்லிவரும் பமுங்கி சமூகத்தாருக்கு 2015-ல்தான் அங்கீகாரம் கிடைத்தது. வேறு ஆறு சமூகங்களுக்கு 2018-ல் தனிச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

இந்தப் பமுங்கியார் பதினேழாம் நூற்றாண்டில் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி வரிக்குப் பதிலாக வருஷந்தோறும் மான் கொண்டுவந்து வர்ஜினியா கவர்னரின் வாசலில் வைக்கிறார்கள். பிளெக்கர் டாக்டர் இப்படி ஒரு ஜனமே உலகத்தில் இல்லை என்று ரிஜிஸ்தரில் அடித்து எழுதிக்கொண்டிருந்த வருஷங்களிலும் அந்த மான் வந்துகொண்டுதான் இருந்தது; கவர்னரும் கை நீட்டி வாங்கிக்கொண்டுதான் இருந்தார்.